வெளிச்சுவர் என்ன நிறம்?

ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இங்கே சுகம். நீயும் அத்தானும் அத்தையும் எப்படி இருக்கிறீர்கள்? உனக்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் படித்துவிடும் அத்தைக்குத் தனியாக ஒரு வணக்கம். உன் போன் ரிப்பேரிலிருந்து வந்துவிட்டதா? கல்யாணத்துக்கு மறு வாரம் போன போன்.

ஹாஸ்டலில் எனக்கு மேல் கட்டில். எழுந்து உட்கார்ந்தால் தலையில் மின்விசிறி இடிக்கும். இந்தப் பருவத்தில் இணைய ஊடகம் என்று ஒரு பாடம். ஆளுக்கொரு வலைப்பூ தொடங்கி வாரம் ஒரு பதிவு போட வேண்டும். பாடம் எடுக்கிற மேடம் பல வருடம் பத்திரிகையில் நிருபராக இருந்தவர். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் டெட்லைன். போட்ட பதிவை எடுக்கக் கூடாது, தவறு இருந்தால் கீழே திருத்தம் போட வேண்டும் என்பது அவர் சட்டம். வாசகர் ஒரு தகவல் கேட்டால் குத்துமதிப்பாகச் சொல்லக் கூடாது, விசாரித்துத்தான் சொல்ல வேண்டும் என்பது இன்னொன்று.

ஹாஸ்டல் குளியலறை வரிசையைப் பற்றி முதல் பதிவு போட்டேன். நாலு பேர் படித்தார்கள். மூன்று பேர் என் அறைத் தோழிகள். நாலாவது நான்.

ஆனால் போன மாதம் நீ எழுதிய கடிதத்தை அறையில் படித்துக் காட்டியபோது எல்லோரும் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. உன் கடிதங்களை நான் பதிவாகப் போடட்டுமா? ஊர், பேர் இருக்காது. 'டிரைவிங் டீச்சர்' என்று மட்டும் போடுகிறேன்.

உன் தங்கை

•

ஜூலை 21

என் வாலுவுக்கு,

இங்கே இன்ஜின் நல்ல கண்டிஷன். அங்கே எப்படி? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அப்பா கண்ணுக்கு மருந்து விடுகிறாரா, இல்லை பாட்டிலை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாரா?

உன் கடிதத்தை அத்தை படித்தார். குளியலறை வரிசைக்குச் சிரிக்கவில்லை. "பொம்பளப் புள்ளைங்க குளிக்கறதையெல்லாமா எழுதுவாங்க?" என்று கேட்டார். வலைப்பூ என்றால் என்ன என்றார். காலேஜ் வீட்டுப்பாடம் என்றேன். "படிப்புக்குத்தானே, எழுதட்டும்" என்று உத்தரவாகிவிட்டது. தாராளமாகப் போடு.

இந்த வீட்டில் சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே அத்தையின் நாற்காலி இருக்கிறது. அதுதான் சிக்னல். சிவப்பும் மஞ்சளும் எரியும். பச்சை பல்பு ஃப்யூஸ். கையில் சூடான பாத்திரத்தோடு நிற்பேன். ஹாரன் அடிக்க முடியாது, ஓவர்டேக் பண்ணவும் முடியாது. அத்தை ஜபம் முடித்துக் கண்ணைத் திறந்து, "டீச்சரம்மா, எங்க இவ்ளோ அவசரம்?" என்பார்.

நம் அப்பாவின் டிரைவிங் ஸ்கூலில் படித்தாளே ரிவர்ஸ் நர்ஸ், பின்னால் எடுக்கச் சொன்னால் ஆஸ்பத்திரி கேட்டையே இடித்தவள், அவளை நினைத்துக்கொள்கிறேன். இங்கே ஒரு தட்டை எடுக்கப் போனாலும் நான் அவளைப் போலத்தான் இடிக்கிறேன்.

போன் அத்தானின் ஆபீஸ் பக்கத்துக் கடையில் இருக்கிறது. எனக்கும் அவசரமில்லை.

கவரை அத்தான் ஒட்டித் தபாலில் போடுவார். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

•

ஆகஸ்ட் 8

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு லேசான ஜலதோஷம், மற்றபடி குறையில்லை. உங்கள் மூவர் சுகமும் எழுது. அத்தைக்கு வணக்கம்.

வலைப்பூவுக்கு 'எல் போர்டு' என்று பெயர் வைத்தேன். சிக்னல் பதிவைப் போட்ட மூன்றாம் நாள் டெட்லைன் வகுப்பில் எழுந்து நிற்கச் சொன்னார். திட்டு விழப்போகிறது என்று நினைத்தேன். "இவ்ளோ பேர் படிச்சிருக்காங்க, நீ பாட்டுக்கு கடைசி பெஞ்சுல உக்காந்திருக்கே" என்றார். யார் யாரோ பகிர்ந்திருக்கிறார்கள். ஹாஸ்டலில் வார்டன் வந்தால் இப்போது "பச்சை பல்பு ஃப்யூஸ்" என்றுதான் தகவல் போகிறது.

மாமா தன் போனில் படித்துக் காட்ட, அப்பா சிரித்துச் சிரித்து விட்ட மருந்தெல்லாம் கன்னத்தில் வழிந்ததாம். "எம் பொண்ணு எங்க போனாலும் கலகலப்பா இருப்பா" என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வந்தாராம்.

வாரம் ஒன்று போட வேண்டும். கையில் சரக்கில்லை. சீக்கிரம் எழுது.

உன் தங்கை

•

ஆகஸ்ட் 25

என் வாலுவுக்கு,

இன்ஜின் ஓடுகிறது. உன் ஜலதோஷத்துக்கு ஆவி பிடி. அம்மா முழங்கால் எப்படி?

உன் வாசகர்களுக்கு இன்று பார்க்கிங் பாடம். ஸ்டோர் ரூமில் தண்ணீர் டிரம்முக்கும் பீரோவுக்கும் நடுவே அரிசி மூட்டையை நிறுத்த வேண்டும். இரண்டு பக்கமும் விரல்கடை இடம்தான். ஒரே முயற்சியில், எதிலும் உரசாமல் நிறுத்தினேன். கைதட்ட ஆளில்லை. நானே "வெரிகுட், ஹேண்ட்பிரேக் போடுங்க" என்று சொல்லிக்கொண்டேன்.

கிளட்ச் கால்தான் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. காய் நறுக்கும்போது தானாக அமுக்குகிறது. அத்தை பார்த்துவிட்டு, "என்ன, கால்ல எறும்பா?" என்றார்.

வாசல் கதவுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி அத்தையின் இடுப்பில், இன்னொன்று அத்தானின் சாவிக்கொத்தில். திருட்டுப் பயமாம். நம் ஸ்கூல் வண்டியில் டீச்சர் பக்கம் ஒரு பிரேக், பழகுகிறவர் பக்கம் ஒரு பிரேக் இருக்குமே, அது போல என்று சொன்னேன். அத்தைக்கு அந்த உதாரணம் பிடித்துவிட்டது. வந்தவர்களிடமெல்லாம் சொல்கிறார்.

அத்தான் ஆபீஸ் போய்வருகிறார். நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன். நீ நன்றாகப் படி.

அக்கா

•

செப்டம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

ஜலதோஷம் போய்விட்டது. நீ எப்படி இருக்கிறாய் அக்கா? அத்தைக்கும் அத்தானுக்கும் வணக்கம்.

இரண்டு பூட்டுப் பதிவுக்கு வழக்கம்போல் எல்லோரும் சிரித்திருந்தார்கள். 'பழைய டிரைவர்' என்று ஒருவர் மட்டும் வேறு மாதிரி எழுதியிருக்கிறார். அப்படியே தருகிறேன்.

"எல்லாப் பதிவையும் படித்தேன். சிரித்தேன். ஒரு சந்தேகம். ஊருக்கே வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்த பெண், புது ஊருக்கு வந்து ஒரு ரோட்டைப் பற்றிக்கூட எழுதவில்லையே. தெரு அகலமா, குறுகலா? பஸ் எந்தப் பக்கம் திரும்புகிறது? அந்த வீட்டின் வெளிச்சுவர் என்ன நிறம்?"

நானே பதில் போட்டுவிடலாம் என்று உன் கடிதங்களை எடுத்து மறுபடி படித்தேன். நாற்காலி இருக்கிறது, டிரம் இருக்கிறது, பீரோ இருக்கிறது. தெரு இல்லை. நீ ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தால் சாப்பாட்டைச் சொல்ல மாட்டாய், அந்த ஊரில் வேகத்தடை எங்கெங்கே இருக்கிறது என்று சொல்வாய். அதனால்தான் கேட்கிறேன்.

விசாரித்துச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். மூன்று கேள்விக்கும் பதில் எழுது அக்கா.

உன் தங்கை

•

செப்டம்பர் 30

என் வாலுவுக்கு,

இன்ஜினுக்கு ஒன்றுமில்லை. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. அப்பா, அம்மா, மாமா எல்லோரும் சுகமா?

போன வாரம் மழை. சமையலறை ஜன்னலுக்கு வெளியே பின் வீட்டுக்காரரின் சுவர் இருக்கிறது. சிமெண்ட் பூசாத செங்கல். மழையில் நனைந்தால் கறுத்து, வெயில் வந்தால் மேலிருந்து கீழாகச் சிவக்கும். முழுதும் காய மத்தியானம் ஆகிவிடுகிறது.

அத்தைக்கு இடுப்பு வலி. எண்ணெய் தேய்த்துவிடுகிறேன்.

உன் வாசகர் கேட்டதற்கு: நான் இந்த வீட்டுக்கு வந்த அன்று இருட்டிவிட்டது. அதனால் சரியாகப் பார்க்கவில்லை.

இதற்கு மேல் இரண்டு வரி கறுப்பாக அடித்திருக்கிறது அல்லவா, அதைப் பற்றிக் கவலைப்படாதே. பிழையாக எழுதிவிட்டேன். அத்தைதான் பார்த்துச் சொன்னார்.

வீட்டுப்பாடத்தைத் தொடர்ந்து எழுது. நிறுத்திவிடாதே.

அக்கா

•

அக்டோபர் 4

அன்புள்ள மாமாவுக்கு,

சுகமா? உங்கள் வீட்டு அத்தையின் ரத்த அழுத்தம் பரவாயில்லையா? போனில் பேசினால் நீங்கள் ஸ்பீக்கரில் போடுவீர்கள், அம்மா காதில் விழும். அதனால் எழுதுகிறேன்.

அக்காவின் கடைசிக் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். படித்துப் பாருங்கள். மார்ச்சில் கல்யாணம். இப்போது அக்டோபர். வந்த அன்று இருட்டு என்கிறாள் மாமா. அதற்குப் பிறகு விடியவே இல்லையா?

நாம் எல்லோரும் அதைப் படித்துச் சிரித்தோம். நான் தலைப்பு வைத்து, படம் போட்டு, ஊரையே சிரிக்க வைத்தேன். ஒருமுறை சும்மா பார்க்க வந்தது போலப் போய்வாருங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

உங்கள் பாப்பா

•

அக்டோபர் 15

பாப்பாவுக்கு மாமா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். எனக்கு எழுத வராது, நடந்ததைச் சொல்கிறேன்.

போனேன். நல்ல மரியாதை. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்கள். அவளை நடு நாற்காலியில் உட்கார வைத்து, அந்தப் பக்கம் மாப்பிள்ளை, இந்தப் பக்கம் அந்த அம்மா. "எப்படிம்மா இருக்க?" என்றால் அந்த அம்மா, "அவளுக்கென்ன, ராணி மாதிரி இருக்கா" என்கிறார். "இளைச்சுட்டியே" என்றேன். "எங்க வீட்டு வேலை அப்படி, உடம்பு சிக்குனு ஆயிடும்" என்று மாப்பிள்ளை சிரிக்கிறார். "ரெண்டு நாள் ஊருக்கு அனுப்புங்க" என்றதற்கு, "பாக்கலாம்" என்றார். அவள் என்னையே பார்த்தாள்.

கிளம்பும்போது வாசலில் என் செருப்பைத் தேடினேன். ஸ்டாண்டில் மாப்பிள்ளையின் ஷூ, செருப்பு, அந்த அம்மாவின் செருப்பு எல்லாம் இருந்தது. அவளுடைய செருப்பு இல்லை. உள்ளேயும் பார்த்தேன். பழசும் இல்லை, புதுசும் இல்லை.

நான் வெளியே வந்ததும் கதவு பூட்டுகிற சத்தம் இரண்டு தடவை கேட்டது.

உன் அம்மாவிடம் சொன்னேன். "செருப்பு இல்லைன்னா ஒரு குத்தமா? எங்க காலத்துல..." என்று ஆரம்பித்துவிட்டார். அப்பா ஸ்கூல் ரூமில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மாமா

•

அக்டோபர் 27

அன்புள்ள தங்கைக்கு,

நலம். நலமறிய ஆவல்.

நீ என் கடிதங்களை இணையத்தில் வெளியிட்டிருப்பதை உன் அத்தானின் ஆபீஸில் ஒருவர் அவருக்குக் காட்டியிருக்கிறார். அவருக்கும் அத்தைக்கும் மிகுந்த மனவருத்தம். குடும்ப விஷயத்தை வெளியில் சொல்வது தவறு. எல்லாவற்றையும் உடனடியாக நீக்கிவிட வேண்டும். நீக்கும்வரை கடிதப் போக்குவரத்து வேண்டாம்.

மாமா வந்துபோனதில் மகிழ்ச்சி. இனி யார் வருவதானாலும் அத்தானிடம் முன்கூட்டிக் கேட்டுவிட்டு வரவும்.

நான் இங்கே சந்தோஷமாக இருக்கிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை.

இப்படிக்கு
உன் அக்கா

•

நவம்பர் 2

அன்புள்ள மாமாவுக்கு,

சுகம்தானே? அக்காவிடமிருந்து வந்ததை இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்து அவளுடையது. என்னை வாலு என்று கூப்பிடாமல் அவள் எழுதிய முதல் கடிதம் இது.

டெட்லைன் மேடத்திடம் காட்டினேன். எடுத்தால் இந்தப் பாடத்தில் எனக்கு மார்க் போகும் என்று தெரியும், ஆனாலும் எடுக்கிறேன் என்றேன். அவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "எழுதறவ தன்னைக் காப்பாத்திக்க அழிக்கக் கூடாதுன்னுதான் அந்தச் சட்டம். நீ எடு. மார்க்கை நான் வெட்டத்தான் செய்வேன்" என்றார். பிறகு, "அந்த மூணு கேள்விக்கு மட்டும் பதில் கண்டுபிடி" என்றார். நேற்று எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். இப்போது அங்கே வெறும் பக்கம்தான்.

அப்பாவின் ஸ்கூல் ரூமில் அக்காவின் பயிற்சியாளர் உரிமம் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறதே, அது இந்த மாதக் கடைசியில் முடிகிறது. நேரில் வந்து, ஆபீசர் முன்னால் வண்டி ஓட்டிக் காட்டினால்தான் புதுப்பிப்பார்கள். அவள் விலாசம் மாறியதை நாம் இன்னும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் தெரிவிக்கவில்லை. தெரிவித்துவிடுங்கள். அழைப்பு அந்த வீட்டுக்கே பதிவுத் தபாலில் போகும். பதிவுத் தபாலை அவள்தான் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும்.

டெஸ்ட் நடக்கும்போது வண்டியில் ஆபீசரையும் ஓட்டுகிறவரையும் தவிர யாரும் ஏறக் கூடாது. அது உங்களுக்குத் தெரியும். அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

டெஸ்ட் மைதானத்துக்கு ஒரு பின் கேட் உண்டு அல்லவா? ரிவர்ஸ் நர்ஸ் இப்போதும் அந்தப் பக்கம்தான் குடியிருக்கிறாளா?

உங்கள் பாப்பா

•

நவம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். அத்தைக்கு இடுப்பு வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். அத்தைக்கும் அத்தானுக்கும் வணக்கம்.

நீ சொன்னபடி எல்லாவற்றையும் நீக்கிவிட்டேன். அத்தான் பார்த்துக்கொள்ளலாம். அவர்கள் மனம் வருந்தியதற்கு என்னை மன்னிக்கச் சொல்.

ஒரு சின்ன விஷயம். உன் பயிற்சியாளர் உரிமம் முடியப்போகிறது. ஆபீஸிலிருந்து உனக்கு அழைப்பு வரும் என்று மாமா சொன்னார். அப்பாவுக்குக் கண் சரியில்லாததால் ஸ்கூலின் அனுமதியே உன் உரிமத்தின் பேரில்தான் ஓடுகிறது. உன்னால் வர முடிந்தால் நல்லது. மற்றபடி விசேஷமில்லை.

உன் தங்கை

•

டிசம்பர் 8

என் வாலுவுக்கு,

இன்ஜின் ஓடுகிறது. சத்தம் கொஞ்சம் இருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? பரீட்சைக்குப் படிக்கிறாயா?

ரிவர்ஸ் நர்ஸ் வீட்டிலிருந்து எழுதுகிறேன். இந்தக் கவரை நானே ஒட்டுவேன்.

பதிவுத் தபாலோடு தபால்காரர் வந்தபோது அத்தை, "குடுங்க, நான் வாங்கிக்கறேன்" என்றார். "பேர் போட்டவங்கதாம்மா கையெழுத்துப் போடணும்" என்று அவர் நகரவில்லை. ஒரு பூட்டைத் திறந்து, இன்னொன்று தொங்கும் சங்கிலி விட்ட கதவிடுக்கு வழியாக என் கையை மட்டும் வெளியே விட்டார் அத்தை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அத்தான் அந்தக் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அனுப்பவே மனசில்லை. "கவர்மெண்ட் முத்திரை இருக்குடா. போகலைன்னா வீட்டுக்கு ஆள் வருவாங்க" என்று அத்தைதான் பயந்தார்.

கிளம்பும்போது எனக்குச் செருப்பில்லை. நான் கொண்டுபோனது தேய்ந்துவிட்டது என்று முதல் வாரமே தூக்கிப் போட்டுவிட்டார்கள். அத்தையின் செருப்பைக் கொடுத்தார்கள். ஒரு சைஸ் பெரிது.

மைதானத்துக்கு மாமா நம் வண்டியைக் கொண்டுவந்திருந்தார். அத்தான் பின் கதவைத் திறந்து ஏறப்போனார். அந்தப் பழைய ஆபீசர்தான், நான் ஆட்களைக் கூட்டிப்போகும்போதெல்லாம் கடுகடுப்பாரே, அவர். "சார், உங்களுக்கு டெஸ்டா?" என்றார். "நான் அவ புருஷன்." "புருஷனுக்கெல்லாம் ரின்யூவல் கிடையாது. அந்த நிழல்ல நில்லுங்க."

செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உட்கார்ந்தேன். முதல் கியரிலேயே வண்டி அணைந்துவிட்டது. எத்தனை பேரை இதற்காகத் திட்டியிருக்கிறேன். "டீச்சர், மறந்துபோச்சா?" என்றார். "இல்ல சார், கால் நடுங்குது" என்றேன். அவர் என் காலைப் பார்த்தார், கண்ணாடியில் அத்தானைப் பார்த்தார். "மெதுவா எடுங்க, நேரம் இருக்கு" என்றார்.

மைதானத்தைச் சுற்றி, மெயின் ரோட்டில் ஒரு வட்டம் போய், பின் கேட் வழியாகத் திரும்பினோம். அங்கே நர்ஸ் ஸ்கூட்டரோடு நின்றாள். பக்கத்தில் மாமா. "சார், நான் இங்கயே இறங்கிக்கலாமா?" என்று கேட்டேன். அவர் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "டெஸ்ட் முடிஞ்சுது. எங்க இறங்கறீங்கங்கறது உங்க இஷ்டம்" என்றார்.

இறங்கினேன். மாமா அத்தையின் செருப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போய், முன் கேட்டில் நின்ற அத்தானிடம் கொடுத்தாராம்.

அம்மா போனில் கேட்ட முதல் கேள்வி, "அவர்கிட்ட சொல்லிட்டு வந்தியா?" என்பதுதான். அவர் நேற்றிலிருந்து நம் வீட்டு ஸ்கூல் ரூமில் உட்கார்ந்திருக்கிறாராம். அப்பா அவரோடு பேசவுமில்லை, போகச் சொல்லவுமில்லை. என் சர்டிபிகேட், போன், துணிமணி எல்லாம் அந்த வீட்டில். அடுத்து என்ன என்று எனக்குத் தெரியவில்லை. நர்ஸ் வேலைக்குப் போனதும் இந்தக் கதவை உள்ளிருந்து பூட்டினேன். திறந்தேன். மறுபடி பூட்டிப் பார்த்தேன்.

நீ செய்தது தப்பு என்று மனசில் வைத்துக்கொள்ளாதே. வலைப்பூ என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அத்தையிடம் வீட்டுப்பாடம் என்று சொன்னேன். யாராவது ஒருவர் கேட்பார் என்று நினைத்தேன்.

கேட்டவருக்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை. இதை எழுதிவிடு.

டெஸ்டுக்குக் கிளம்பிய டாக்ஸியில் என்னைப் பின் சீட்டில் உட்கார வைத்து அத்தான் பக்கத்தில் இருந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. டிரைவரின் கண்ணாடியில் பார்த்தேன். தெரு குறுகல், எதிரே ஒரு வண்டி வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டும். முனையில் வேகத்தடை, வெள்ளைக் கோடு அழிந்திருக்கிறது. பஸ் இடது பக்கம் திரும்புகிறது.

வெளிச்சுவர் பச்சை.

அக்கா